டெப்லெட் ஒன்று வாங்கலாமா? ரூவியிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

ஓமானில் சம்பளத்துக்கு இன்னும் வருமான வரி இல்லை. அதனால் கணக்காளர் என்று தெரிந்தாலும் ரூவியில் எங்களிடம் யாரும் வரி பற்றிக் கேட்பதில்லை. சீட்டுக் காசைக் கொழும்பில் நிலையான வைப்பில் போடலாமா, பழைய காரைக் கொடுத்துவிடலாமா, மகளை எந்தப் பாடத்துக்கு விடலாம் என்றுதான் கேட்பார்கள். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது.

"அண்ணை, பிள்ளையள் டெப் ஒண்டு கேக்கினம். எடுக்கலாமோ?"

வெள்ளியும் சனியும் இங்கே விடுமுறை. ஆகவே வியாழன் மாலை ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் கைத்தொலைபேசிக் கடைகள் நிரம்பிவிடும். அதே தெருவில் காசு அனுப்பும் நாணய மாற்று நிலையங்களிலும் வரிசை நிற்கும். எங்கள் ஆட்கள் இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். 140 ரியாலைக் கடைக்குள் கொடுத்தால் ஒரு டெப். அடுத்த வாசலில் கொடுத்தால் ஊரில் ஒரு சிறு குடும்பத்தின் ஒரு மாதச் சீவியம். பொருளியலில் இதை அமையச் செலவு என்று படித்தோம். வீடு நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கும் எங்களுக்கு அது பாடப்புத்தகச் சொல்லாக மட்டும் இருந்ததில்லை.

ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லாமல், கணக்கைப் பிரித்து எழுதி வைக்கிறோம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்போருக்கும் பெரும்பகுதி பொருந்தும். வளைகுடாவுக்கு மட்டும் உரியதைத் தனியாகத் தந்திருக்கிறோம்.

டெப் எங்கிருந்து வந்தது

டெப்லெட் என்பது விசைப்பலகை இல்லாத, தொடுதிரையே முழு உடலாக உள்ள கணினி. கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையில் நிற்பது. திரையின் மூலைவிட்டம் பெரும்பாலும் 8 முதல் 13 அங்குலம்.

எண்ணம் பழையது. அலன் கே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1972இல் 'டைனாபுக்' என்ற பெயரில், பிள்ளைகள் புத்தகம் போலத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கணினியை எழுத்தில் வரைந்தார். 1993இல் அப்பிள் 'நியூட்டன்' என்ற சிறு கருவியை விற்றது. 2002இல் மைக்ரோசொப்ட் எழுதுகோலோடு கூடிய டெப்லெட் கணினிகளுக்கான விண்டோசைக் கொண்டு வந்தது. இரண்டும் மக்களிடம் எடுபடவில்லை. 2010 ஏப்ரல் 3ஆம் திகதி அப்பிளின் ஐபேட் 499 டொலருக்கு விற்பனைக்கு வந்த பிறகுதான் டெப் வீட்டுப் பொருளானது. அதே ஆண்டு சம்சுங்கின் கலக்சி டெப் வந்தது.

முதல் நான்கைந்து ஆண்டுகள் விற்பனை ஏறியது. 2014ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. கைத்தொலைபேசியின் திரை பெரிதாகிக்கொண்டே வந்ததும், ஒருமுறை வாங்கிய டெப்பை மக்கள் அடிக்கடி மாற்றாததும் இதற்கு முக்கிய காரணங்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடி தேவை எழுந்தது. இந்த ஏற்ற இறக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கைத்தொலைபேசி எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. டெப் சிலருக்கு, சில வேலைக்கு மட்டுமே வேண்டியிருக்கிறது.

2011: டெல்லியும் சென்னையும்

இதே கேள்வியை இரண்டு அரசுகள் ஒரே மாதக் கணக்கில் சந்தித்தன.

2011 ஒக்டோபர் 5ஆம் திகதி இந்திய மத்திய அரசு 'ஆகாஷ்' என்ற டெப்பை வெளியிட்டது. டேட்டாவிண்ட் நிறுவனம் செய்தது. அரசு வாங்கிய விலை ஏறத்தாழ 50 டொலர், மாணவருக்குச் சலுகை விலை 35 டொலர் என்றார்கள். உலகத்திலேயே மலிவான டெப் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் முதல் ஆகாஷின் திரை விரலால் அழுத்தினால்தான் கேட்கும் பழைய வகை. செயலி 366 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 256 மெகாபைட். மின்கலம் மூன்று மணித்தியாலம் அளவில் நின்றுவிடும். பாடசாலை நாளின் அரைவாசிக்குக்கூடக் காணாது. மறுஆண்டே திருத்திய 'ஆகாஷ் 2' வர வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த அளவுக்கு அந்தத் திட்டம் வகுப்பறைக்குள் போகவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு, 2011 செப்டெம்பர் 15ஆம் திகதி, தமிழ்நாட்டு அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவருக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் விசைப்பலகை இருந்தது. செலவு பல மடங்கு. ஆனால் பிள்ளைகள் அதில் கட்டுரை எழுதினார்கள், நிரல் எழுதப் பழகினார்கள், வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அந்தத் திட்டத்தின் அரசியல் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பொருள் பற்றிய பாடம் தெளிவு: மலிவாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பெறுமதி உள்ளதாகிவிடாது. என்ன வேலைக்கு என்று முதலில் கேட்க வேண்டும், விலையைப் பிறகு கேட்க வேண்டும்.

கணக்கு

ஒரு உதாரணம் எடுப்போம். 2025 மார்ச்சில் வந்த அடிப்படை ஐபேட்டின் அமெரிக்க விலை 349 டொலர். ஓமான் ரியால் 1986இலிருந்து டொலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு ரியால் 2.6 டொலர். ஆகவே 134 ரியால். 2021 ஏப்ரல் 16இலிருந்து ஓமானில் 5 வீதம் பெறுமதிசேர் வரி. சேர்த்தால் 141. கடைக்குக் கடை கூடிக் குறையும். கணக்குக்கு 140 என்று வைப்போம்.

கிரயம் 140 ரியால். பயன்தரும் ஆயுள் 5 ஆண்டு. அதன் முடிவில் விற்றால் 30 ரியால் வரும் என்று கொள்வோம். நேர்கோட்டு முறையில் பெறுமானத் தேய்வு ஆண்டுக்கு 22 ரியால். நாளுக்கு 60 பைசா.

இப்போது பாவனையைப் பாருங்கள். தினமும் ஒரு மணித்தியாலம் பயன்பட்டால் மணித்தியாலச் செலவு அதே 60 பைசா. வாங்கிய புதிதில் பார்த்துவிட்டு, பிறகு ஆண்டுக்கு 20 மணித்தியாலம் மட்டும் கையில் எடுத்தால் மணித்தியாலச் செலவு 1 ரியால் 100 பைசா. பொருளும் விலையும் ஒன்றுதான், செலவு மட்டும் பதினெட்டு மடங்கு. வாங்கும்போது கொடுக்கும் காசைவிட, அலுமாரிக்குள் கிடக்கும் நாட்களே டெப்பின் பெரிய செலவு.

இரண்டாவது, துணைப் பொருட்கள். அதே ஐபேட்டுக்கு அப்பிளின் மலிவான எழுதுகோல் 79 டொலர், விசைப்பலகை உறை 249 டொலர். மூன்றையும் கூட்டினால் 677 டொலர், வரிக்கு முன்னே 260 ரியால். அந்தக் காசுக்கு நல்ல மடிக்கணினியே கிடைக்கும். டெப்போடு விசைப்பலகையும் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், உங்களுக்கு வேண்டியது டெப் இல்லை என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூன்றாவது, ஆயுள். கண்ணாடி உடையாவிட்டாலும் மென்பொருள் நின்றுபோகும். 2019இல் வந்த 7ஆம் தலைமுறை ஐபேட்டுக்கு 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 கிடைக்கவில்லை. ஆறு ஆண்டு. அன்ட்ரொயிட் டெப்களில் விலை கூடியவற்றுக்கு நீண்ட காலம் புதுப்பிப்பு வரும். மிக மலிவானவற்றுக்குச் சீக்கிரம் நின்றுவிடும், சிலவற்றுக்கு வருவதே இல்லை. புதுப்பிப்பு நின்ற கருவியில் முதலில் வேலை செய்யாமல் போவது வங்கிச் செயலி போன்றவைதான். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பது.

நான்காவது, எங்களுக்கே உரிய கணக்கு. இங்கே எங்கள் வதிவிட அனுமதி வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீட்டுச் சாமான் எல்லாம் சில வாரங்களில் பாதி விலைக்குப் போகும். குளிர்சாதனப் பெட்டியையும் மேசைக் கணினியையும் விமானத்தில் ஏற்ற முடியாது. டெப் கைப்பைக்குள் வரும். 1995 இடப்பெயர்வில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வணிகமாணிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் வந்தன. வேறொன்றும் வரவில்லை. அதன் பிறகு எந்தப் பொருளை வாங்கினாலும், இது கைப்பைக்குள் வருமா என்று மனம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் விடும்.

எந்த வேலைக்கு டெப்தான் சரி

முதலாவது, பக்கத்தைப் பக்கமாக வாசிப்பது. கைத்தொலைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21. படமாக எடுத்த ஒரு பக்கத்தைத் தொலைபேசியில் முழுதாகப் பார்த்தால் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். 10.9 அங்குல டெப்பின் அகலம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர். அதே எழுத்து அங்கே 9 புள்ளி. கண்ணாடி போட்டவரும் வாசிக்கலாம்.

எங்கள் ஆட்களுக்கு இது சிறிய விடயம் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. பிறகு வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அலுமாரிகளில் இருந்தவை போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியம் எழுத்துருவில் இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் எழுத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கி வாசிக்கலாம். நூலகத்தின் படப் பக்கங்களைத் தொலைபேசியில் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. படித்த பாடசாலையின் பழைய மலர் ஒன்றைத் திறந்து, அதில் தன் வகுப்புப் படத்தைத் தேடிப் பார்த்தவருக்கு டெப்பின் பெறுமதியை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. 2020 மார்ச்சில் ஓமானில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்பு இணையத்துக்கு மாறியபோது, அப்பாவின் ஒரே தொலைபேசியில் இரண்டு பிள்ளைகள் முறை வைத்துப் படித்த வீடுகளை அறிவோம். கடந்தகால வினாத்தாள்களை இறக்கி, எழுதுகோலால் அதன்மேலேயே கணக்குச் செய்வதற்கு டெப் நல்லது. ஆனால் எழுதுகோல் இல்லாத டெப் நாளடைவில் விளையாட்டும் காணொளியும் பார்க்கும் பலகையாகிவிடும். உயர்தர வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைக்கு முதலில் மடிக்கணினி, அதன் பிறகுதான் டெப்.

மூன்றாவது, வயதானவர்கள் முகம் பார்ப்பது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

எந்த வேலைக்கு உதவாது

கணக்கு எழுதுவதற்கு உதவாது. அனுபவத்தில் சொல்கிறோம். இரண்டு விரிதாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஒன்றை டெப்பில் தயாரிக்க முயன்று, ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிட்டோம். நீண்ட கட்டுரை, விண்ணப்பம், ஆய்வேடு எதுவும் வசதியில்லை.

தமிழில் எழுதுவது முடியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுகமும் தமிழ்99 விசைமுகமும் 2013இல் ஐஓஎஸ் 7 முதல் அப்பிள் கருவிகளோடேயே வருகின்றன. அன்ட்ரொயிடில் செல்லினமும் கூகுளின் விசைப்பலகையும் உண்டு. நாலு வரிக் கடிதத்துக்குப் போதும். நாலு பக்கத்துக்குக் கை நோகும்.

ஆவணங்களைப் படமெடுத்துச் சேமிக்கவும், வங்கிக் காசு அனுப்பவும், செய்தி வாசிக்கவும் தொலைபேசியே போதும். இதற்காக டெப் வாங்க வேண்டாம்.

வளைகுடாவில் இருப்போர் கவனிக்க வேண்டியவை

அழைப்பு: ஓமானிலும் அமீரகத்திலும் வட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். குரல், காணொளி அழைப்புகள் நீண்ட காலமாகத் தடுக்கப்பட்டு வருகின்றன. 2020 மார்ச்சில் படிப்புக்கும் வேலைக்கும் என்று சூம், கூகுள் மீட் போன்றவற்றை ஓமான் திறந்துவிட்டது. கூகுள் மீட்டில் இருவர் இலவசமாக நெடுநேரம் பேசலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். சூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம். தடையைச் சுற்றிப் போக வி.பி.என். போடச் சொல்பவர்கள் உண்டு. சட்டச் சிக்கல் வந்தால் போவது அவர்களுடைய வதிவிட அனுமதி இல்லை, உங்களுடையது.

வட்ஸ்அப்: ஐபேட்டுக்கு வட்ஸ்அப் செயலி 2025 மே மாதத்தில்தான் வந்தது. அதுவும் தொலைபேசியில் உள்ள கணக்கோடு இணைத்துப் பயன்படுத்துவது. தொலைபேசியை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே தொலைபேசிக்குப் பதிலாக டெப் என்ற எண்ணம் வேண்டாம்.

பேஸ்டைம்: அமீரகத்தில் விற்ற அப்பிள் கருவிகளில் இது இல்லாமல் இருக்கலாம். வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோர் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஊருக்கு அனுப்புதல்: சிம் போடும் டெப் என்றால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஐ.எம்.இ.ஐ. இலக்க விதிகளை முதலில் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு அந்த இலக்கமே கிடையாது. ஊர் வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் அதுவே சிக்கல் குறைந்த வழி. ஐபேட்டில் வைஃபை மட்டும் உள்ள வகைக்கு ஜி.பி.எஸ். இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய டெப்: ஹை ஸ்ட்ரீட்டில் பாவித்த டெப் நல்ல விலைக்குக் கிடைக்கும். காசு கொடுக்குமுன் முன்னைய சொந்தக்காரரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் கண் முன்னே புதிதாகத் தொடக்கிப் பாருங்கள். நீக்கப்படாத டெப் வெறும் கண்ணாடித் துண்டு. உத்தரவாதம் எந்த நாட்டுக்குரியது என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வெயில்: ஐபேட் 35 பாகை செல்சியஸ் வரை பாவிக்கவும், 45 பாகை வரை சும்மா வைத்திருக்கவும் ஏற்றது என்கிறது அப்பிள். மஸ்கட்டின் யூன் மாத மத்தியானத்தில் நிறுத்தி வைத்த காருக்குள் சூடு இதைத் தாண்டிவிடும். காரில் விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போகாதீர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கில் விட்ட பிழை

2022இல் நாங்கள் இரண்டு டெப் வாங்கினோம். ஒன்று ரூவி வீட்டுக்கு, மற்றது ஊரில் தனியாக இருந்த அம்மாவுக்கு. அம்மாவுக்கு அப்போது 82 வயது. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தும் தொலைபேசித் திரையில் முகம் பிடிபடவில்லை. "ஆரோ கதைக்கினம் எண்டு தெரியுது, ஆரெண்டு தெரியேல்லை" என்பார். நாங்கள் ஊருக்குப் போய்வர முடியாத நிலையில் இருப்பவர்கள். ஆகவே காசைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம்.

எட்டு மாதம் கழித்து மச்சாள் ஒருவர் கனடாவிலிருந்து போனார். டெப் அலுமாரியில் புதுச் சேலைக்குள் சுற்றியபடி இருந்தது. பெட்டி உடைக்கப்பட்டிருந்தது, ஒருமுறை மின்னேற்றப்பட்டிருந்தது, அவ்வளவுதான். "பிள்ளை வேண்டித் தந்தது, உடைஞ்சு போனால் என்ன செய்யிறது" என்றாராம் அம்மா. அது ஒரு காரணம். மற்றக் காரணம் எங்களுடையது. ரூவியிலிருந்து வட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. இணைப்பு அனுப்ப வேண்டும், அதை அங்கே ஒருவர் அழுத்த வேண்டும். டெப்பின் விலை, அனுப்பும் செலவு, இணையக் கட்டணம் எல்லாவற்றையும் கணக்குப் போட்ட நாங்கள், அந்த இணைப்பை யார் அழுத்துவது என்று கணக்குப் போடவில்லை.

மச்சாள் இரண்டு வேலை செய்துவிட்டு வந்தார். டெப்பைச் சேலைக்குள்ளிருந்து எடுத்து, வானொலிப் பெட்டி இருந்த மேசையில் ஒரு மரத் தாங்கியில் நிறுத்தினார். பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் பேசினார். வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் வந்து திறந்துவிடுவாள். மற்ற நாட்களில் தன் வினாத்தாள்களை அதில் செய்து படிப்பாள். இணையக் காசு எங்களுடையது.

இரண்டாவது வெள்ளியோ மூன்றாவது வெள்ளியோ, அம்மா அந்தப் பிள்ளையிடம் டெப்பைத் தூக்கச் சொன்னார். கிணற்றடி, மாட்டுக்கொட்டில் இருந்த இடம், பனைவேலி, பின் வளவில் வேம்பு. இருபத்தேழு ஆண்டுக்குப் பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். ரூவி வீட்டில் நாங்கள் நான்கு பேரும் மற்ற டெப்பின் முன்னால் நெருக்கி இருந்தோம். எங்கள் பிள்ளைகள் அந்த வளவை முதல் முறை பார்த்தது அன்றுதான். கிணறு எவ்வளவு ஆழம் என்று மகன் கேட்டான். எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னார்.

தொலைபேசியிலும் இதைப் பார்த்திருக்கலாம் என்பது உண்மை. நான்கு பேர் ஒன்றாகப் பார்த்திருக்க முடியாது. அம்மாவுக்கு எங்கள் முகம் தெரிந்திராது.

அம்மா சென்ற ஆண்டு காலமானார். வெள்ளிக்கிழமைகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. முதல் எட்டு மாதத்தில் கிடைத்திருக்கக்கூடிய முப்பது சொச்சம் வெள்ளிக்கிழமைகளை எங்கள் பேரேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. டெப் அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மேலே சொன்னதெல்லாம் ஐந்து கேள்விகளுக்குள் அடங்கும்.

ஒன்று: எந்த வேலைக்கு? பொதுவாகச் சொல்லாமல், ஒரு வேலையைப் பெயர் சொல்லிச் சொல்ல முடிகிறதா?

இரண்டு: அந்த வேலையை இப்போது வீட்டில் உள்ள தொலைபேசியோ மடிக்கணினியோ செய்கிறதா? செய்தால், வேண்டாம்.

மூன்று: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? மூன்றுக்குக் குறைவென்றால் ஒரு மாதம் பொறுங்கள். யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள்.

நான்கு: விசைப்பலகை தேவைப்படுமா? தேவையென்றால் மடிக்கணினி.

ஐந்து: யாருக்காக வாங்குகிறோமோ, அவருக்குப் பக்கத்தில் திறந்து கொடுக்க ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் ஆளைத் தேடுங்கள், பிறகு டெப்பைத் தேடுங்கள்.

சென்ற மாதம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்கு மகள் பல்கலைக்கழகம் போகிறாள். டெப் வேண்டாம், இன்னும் நாலு மாதம் சேர்த்து மடிக்கணினி எடுங்கள் என்றோம். மற்றவருக்கு வவுனியாவில் தாய் தகப்பன் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். பாவித்த 10 அங்குல டெப் ஒன்று எடுத்து, ஒரு தாங்கியும் வாங்கி அனுப்பச் சொன்னோம். அனுப்புமுன் அடுத்த வீட்டுக்காரரோடு பேசினீர்களா என்று கேட்டோம். இல்லை என்றார். அன்றிரவே பேசிவிட்டு, மறுநாள்தான் கடைக்குப் போனார்.